கண்ட்ரி இசை வானொலியின் வளர்ச்சியில் தொழிற்கழகத்தின் பங்கு

1. முன்னுரை

ஓர் இசை நிலைபெறுவதற்குப் பாடுவோரும் கேட்போரும் மட்டும் இருத்தல் போதாது. அவ்விரு திறத்தாரையும் இணைக்கும் களம் ஒன்று வேண்டும். அக்களத்தைத் தாங்கும் பொருளும் வேண்டும். முற்காலத்தில் வேந்தன் அவையும் கோயிலும் ஊர் மன்றமும் இக்கடனை ஆற்றின. இருபதாம் நூற்றாண்டில் வானொலி அக்களமாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வானொலி பெரும்பாலும் தனியார் தொழிலாகவே வளர்ந்தமையின், அதற்குப் பொருள் தந்தவர் விளம்பரதாரரே ஆவர். எனவே, அந்நாட்டில் ஓர் இசைவகை வானொலியில் இடம்பெறுமா என்பது அதனைக் கேட்போர் எத்துணையர் என்பதை மட்டும் பொறுத்ததன்று. அவர்கள் பொருள் வாங்கும் ஆற்றலுடையோர் என்று விளம்பரதாரர் நம்புகின்றனரா என்பதையும் பொறுத்தது.

இந்நிலையில், 1958-ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் நிறுவப்பெற்ற கண்ட்ரி இசைக் கழகத்தின் வரலாறு ஆராயத்தக்கது. ஓர் இசைவகையை வளர்ப்பதற்கென்றே அமைந்த முதல் தொழிற்கழகம் என அது தன்னைக் கூறிக்கொள்கிறது. அக்கழகம் வானொலித் தொழிலுக்கு எவ்வகையில் துணை நின்றது, அத்துணையின் விளைவு யாது, அதற்கு அவ்விசை கொடுத்த விலை யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்டல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாட்சி பற்றி ஒன்று கூறி மேற்செல்வோம். 'கண்ட்ரி' இசையை 'நாட்டுப்புற இசை' என மொழிபெயர்ப்பது பொருந்தாது. நாட்டுப்புறப் பாடல் என்று நாம் வழங்குவது ஆசிரியர் பெயர் அறியப்படாது வாய்மொழியாகப் பரவும் பாடலை. கண்ட்ரி இசையோ, அத்தகைய பாடல்களினின்று தோன்றினும், பெயர் அறிந்த கவிஞரால் எழுதப்பெற்று, பதிப்புரிமை பெற்று, இசைத்தட்டாக விற்கப்பெறுவது. இவ்வேறுபாடே இக்கட்டுரைப் பொருளுக்கு அடிப்படை. ஆதலின் அப்பெயரை அவ்வாறே எடுத்தாள்வோம்.

2. தொடக்க காலம்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் மலைவாழ் மக்களும் உழவரும் பாடிவந்த பாடல்கள், வானொலி தோன்றிய சில ஆண்டுகளிலேயே அதனுட் புகுந்தன. 1922-இல் அட்லாண்டா நகரத்து டபிள்யூ.எஸ்.பி. நிலையத்தில் பிடில் இசைஞர் ஜான் கார்சன் பாடினார். 1924-இல் சிக்காகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையம் 'பார்ன் டான்ஸ்' என்னும் வார நிகழ்ச்சியைத் தொடங்கியது. களஞ்சியக் கூடத்தில் ஊரார் கூடி ஆடிப் பாடும் வழக்கத்தை அடியொற்றி எழுந்த பெயர் அது. 1925-இல் நாஷ்விலில் டபிள்யூ.எஸ்.எம். நிலையம் பிறந்தது, அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் நாள் அங்கும் அத்தகைய நிகழ்ச்சி தொடங்கியது. 1927-இல் அதன் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே அதற்கு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' எனப் பெயரிட்டார். இன்றுவரை அந்நிகழ்ச்சி நடைபெற்று வருகிறது.

இந்நிலையத்தை நடத்தியது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. டபிள்யூ.எஸ்.எம். என்னும் எழுத்துகளே 'பல இலட்சம் மக்களைக் காக்கின்றோம்' என்னும் பொருள்படும் அந்நிறுவனத்து ஆங்கில முழக்கத்தின் முதலெழுத்துகள். ஊர்தோறும் சென்ற அதன் முகவர், இந்நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லியே வீடுகளுள் நுழைந்தனர். 1939-இல் இந்நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்.பி.சி. வலைப்பின்னல் வழியே நாடு முழுவதும் ஒலித்தபோது, அதற்குப் பொருள் தந்தது ஒரு புகையிலை விற்பனையாளரின் விளம்பரம். எனவே, கண்ட்ரி இசை வானொலிக்கு வந்த நாள் தொட்டே வணிகத்தின் தோளில் அமர்ந்து வந்ததென்பது தெளிவு.

அதே 1939-இல் மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. பாடலாசிரியர்க்கும் பதிப்பாளர்க்கும் உரிமைத்தொகை பெற்றுத் தந்த ஆஸ்காப் என்னும் சங்கம் கட்டணத்தை உயர்த்த முயன்றது. அதனை எதிர்த்து ஒலிபரப்பாளர் தாமே கூடி பி.எம்.ஐ. என்னும் எதிர்ச்சங்கத்தை நிறுவினர். 1941-இன் பெரும்பகுதியில் ஆஸ்காப் பாடல்கள் வலைப்பின்னல்களில் ஒலிக்கவில்லை. பழைய சங்கம் பெரிதும் பொருட்படுத்தாதிருந்த கண்ட்ரிப் பாடலாசிரியர்க்குப் புதிய சங்கம் கதவு திறந்தது. 1942-இல் ராய் அக்கஃப், பிரெட் ரோஸ் ஆகியோர் நாஷ்விலில் பதிப்பகம் தொடங்கினர். இசையின் போக்கைத் தொழிற்சங்கங்களின் பூசல் மாற்றியமைக்கும் என்பதற்கு இது முதற்சான்று.

3. நெருக்கடி

1950-ஆம் ஆண்டைத் தொடர்ந்து இருபெரும் மாற்றங்கள் வானொலியைத் தாக்கின. முதலாவது தொலைக்காட்சி. 1950-இல் அமெரிக்க இல்லங்களில் நூற்றுக்கு 9 அளவிலேயே தொலைக்காட்சி இருந்தது. 1960-இல் அது 87 ஆயிற்று. நாடகமும் நகைச்சுவையும் பெரிய விளம்பரங்களும் தொலைக்காட்சிக்குச் சென்றன. எஞ்சிய வானொலி நிலையங்கள் பாடகரை நேரில் வரவழைப்பதை விடுத்து இசைத்தட்டுகளை நம்பின. அவற்றைத் தேர்ந்து ஒலிக்கச் செய்யும் அறிவிப்பாளர், இசைத்தொழிலில் இன்றியமையாதவர் ஆயினார்.

இரண்டாவது, 'ராக் அண்டு ரோல்' என்னும் புதிய இசையின் எழுச்சி. 1954-இல் மெம்பிஸ் நகரில் இசைத்தட்டுப் பதிவு செய்யத் தொடங்கிய எல்விஸ் பிரெஸ்லி, கண்ட்ரி மேடைகளிலேயே முதலில் வலம் வந்தார். இரண்டு ஆண்டுகளுள் நாடு முழுவதும் இளைஞர் அவர் பின் சென்றனர். நிலைய உரிமையாளர் பலர், மிகுதியாக விற்கும் 40 பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் 'டாப் 40' முறைக்கு மாறினர். கண்ட்ரி இசைக்கு ஒதுக்கப்பெற்றிருந்த விடியற்காலை நேரமும் சனிக்கிழமை இரவும் சுருங்கின.

இவ்விழப்பிற்கு ஒரு பெயரும் துணை செய்தது. 'ஹில்பில்லி' என்றே இவ்விசையைப் பலரும் வழங்கினர். மலைநாட்டுப் பட்டிக்காட்டான் என்னும் இகழ்ச்சி அச்சொல்லில் உண்டு. 'பில்போர்டு' என்னும் தொழில் இதழ் 1949-இல் தன் பட்டியலுக்குக் 'கண்ட்ரி அண்டு வெஸ்டர்ன்' எனப் பெயர் மாற்றியது. எனினும் விளம்பர அலுவலகங்களில் பழைய எண்ணம் மாறவில்லை. இவ்விசையைக் கேட்போர் வறியர், கல்லாதவர், பொருள் வாங்க இயலாதவர் என்பதே அங்கு நிலவிய கருத்து.

4. கழகத்தின் தோற்றம்

டபிள்யூ.எஸ்.எம். நிலையம் தன் புகழ்பெற்ற நிகழ்ச்சியின் ஆண்டு நிறைவை ஒட்டி 1952 முதல் நாட்டின் பல பகுதி அறிவிப்பாளரை நாஷ்விலுக்கு அழைத்து விழா எடுத்தது. அவ்வாறு கூடியோர், 1953-54-ஐ ஒட்டி இசைத்தட்டு அறிவிப்பாளர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். ஆனால் அறிவிப்பாளர் மாதச் சம்பளத்தினர். நிலையத்தின் போக்கை முடிவு செய்பவர் உரிமையாளரே. ஆதலின் அச்சங்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. அது கலைந்த இடத்தில் 1958-இல் கண்ட்ரி இசைக் கழகம் எழுந்தது. தொடக்கத்தில் அதன் உறுப்பினர் 233 பேர்.

புதிய கழகத்தின் அமைப்பு முன்னையதினின்று அடிப்படையில் வேறுபட்டது. பாடகர், பாடலாசிரியர், பதிப்பாளர், இசைத்தட்டு நிறுவனத்தார், வானொலியாளர் எனத் தொழிலின் ஒவ்வொரு பிரிவாரும் தனித்தனி வகையினராய் உறுப்பினர் ஆயினர். ஒவ்வொரு வகையினர்க்கும் ஆட்சிக் குழுவில் இடம் இருந்தது. ஒரு பிரிவின் குரலாக அன்றி, இசைவகை ஒன்றின் குரலாக அது அமைந்தது. முதல் தலைவர் கோனி பி. கே ஒலிபரப்பாளர், வர்ஜீனியாவில் வானொலி நிகழ்ச்சி நடத்திப் பொருளீட்டியவர், 'ஹில்பில்லி' என்னும் சொல்லை நீக்கி 'கண்ட்ரி' என்னும் சொல்லைப் பரப்பியோருள் ஒருவர். ஆட்சிக் குழுவின் முதல் அவைத்தலைவர் வெஸ்லி ரோஸ், மேற்கூறிய பிரெட் ரோசின் மகன்; பதிப்பாளர். வானொலியும் பதிப்பகமும் தலைமையைப் பகிர்ந்துகொண்டமை கழகத்தின் இயல்பை நன்கு காட்டும்.

செயலராக வந்த ஹாரி ஸ்டோன் முன்னர் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தின் மேலாளர். கழகத்தின் வருவாய் குறைவாக இருந்தமையின் அவர் நெடுநாள் நீடிக்கவில்லை. அலுவலகப் பணிக்கென அமர்த்தப்பெற்ற ஜோ வாக்கர் என்னும் பெண்மணியே நாளடைவில் முழுப் பொறுப்பையும் ஏற்று, 1991 வரை கழகத்தை நடத்தினார். ஜோ வாக்கர்-மீடர் என்று பின்னர் அறியப்பெற்ற இவர், 1995-இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். ஆடவரே ஆட்சி செய்த தொழிலில் ஒரு பெண் மூன்று பத்தாண்டுகள் ஒரு நிறுவனத்தைத் தாங்கிய செய்தி தனி ஆராய்ச்சிக்கு உரியது.

5. கழகம் செய்த துணை

கழகம் வானொலிக்குச் செய்த துணையை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, எண்ணிக் காட்டல். நாள் முழுதும் கண்ட்ரி இசையையே ஒலிபரப்பும் நிலையங்கள் எவை என்று கழகம் கணக்கெடுத்துப் பட்டியலாக வழங்கியது. அக்கணக்கின்படி 1961-இல் அத்தகைய நிலையங்கள் 81; 1966-இல் 328; 1969-இல் 600-க்கு மேல். எண்ணிக்கை என்பது நடுநிலையான செய்தி போலத் தோன்றினும், அதுவே ஒரு வாதமும் ஆகும். சிதறிக் கிடந்த நிலையங்கள் ஒரு பட்டியலில் அமர்ந்தபோதுதான், 'கண்ட்ரி வானொலி' என்றொரு தொழில் உண்டு என்பது புறத்தார்க்குப் புலனாயிற்று.

இரண்டாவது, விளம்பரதாரரைத் தெளிவித்தல். இதுவே கழகத்தின் தலையாய பணி. நியூயார்க், சிக்காகோ முதலிய நகரங்களில் விற்பனைத் துறைத் தலைவர்களையும் விளம்பர அலுவலர்களையும் விருந்துக்கு அழைத்து, கழகம் அவர்கள் முன் நிகழ்ச்சிகள் நடத்தியது. அங்கே பாடலும் இடம்பெற்றது. கேட்போரின் வருவாய், தொழில், வாங்கும் பொருள் பற்றிய கணக்குகளும் இடம்பெற்றன. இவ்வாதத்திற்கு உண்மை அடிப்படை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னும் தென்மாநில மக்கள் பல இலட்சம் பேர் டெட்ராய்ட், சிக்காகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் முதலிய தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஆலையில் ஊதியம் பெற்றனர்; வீடும் காரும் வாங்கினர்; பழைய பாடலை மறந்திலர். உழவன் எனக் கருதப்பெற்றவன் ஆலைத் தொழிலாளியாக மாறிவிட்டான் என்பதை விளம்பரதாரர்க்கு எடுத்துரைத்ததே கழகத்தின் அருஞ்செயல்.

மூன்றாவது, நிலைய உரிமையாளர்க்கு ஊக்கம் தருதல். கண்ட்ரி இசைக்கு மாற எண்ணிய உரிமையாளர்க்கு வேண்டிய செய்திகளைக் கழகம் திரட்டி வழங்கியது. செய்தி மடல் வெளியிட்டது. அறிவிப்பாளரையும் நிலையங்களையும் ஊரின் அளவுப்படி வகுத்துப் பரிசளிக்கும் வழக்கத்தையும் பின்னர்த் தோற்றுவித்தது. சிற்றூர் நிலையத்தார் மாநகர் நிலையத்தாரோடு போட்டியிடாமல் தம்மை ஒத்தாரோடு போட்டியிட இப்பகுப்பு இடந்தந்தது.

நான்காவது, பெருமை சேர்த்தல். 1961-இல் கழகம் கண்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தை ஏற்படுத்தி, ஜிம்மி ராட்ஜர்ஸ், பிரெட் ரோஸ், ஹாங்க் வில்லியம்ஸ் ஆகிய மூவரை முதலில் சிறப்பித்தது. 1967-இல் அதற்கு நாஷ்விலில் அருங்காட்சியகக் கட்டடம் திறக்கப்பெற்றது. அவ்வாண்டே கழகப் பரிசுகள் தொடங்கின. மறு ஆண்டு அவ்விழா தொலைக்காட்சியில் இடம்பெற்றது. 1972-இல் ரசிகர்க்கென 'பேன் பேர்' என்னும் தனி விழா அமைக்கப்பெற்றது. அறிவிப்பாளர் மாநாட்டில் ரசிகர் கூட்டம் மிகுந்து தொழிற்பேச்சுக்கு இடையூறு நேர்ந்தமையே இதற்குக் காரணம். வரலாறு உடையது, மண்டபம் உடையது, பரிசு உடையது என்னும் மதிப்பு இசைக்கு வந்தபோது, அதனை ஒலிபரப்பும் நிலையத்திற்கும் அம்மதிப்பு வந்தது.

6. விளைவும் அதன் காரணமும்

1965-இல் சிக்காகோவின் டபிள்யூ.ஜே.ஜே.டி. நிலையம் முழுநேரக் கண்ட்ரி நிலையம் ஆயிற்று. 1973-இல் நியூயார்க் மாநகரின் டபிள்யூ.எச்.என். நிலையமும் அவ்வாறே மாறியது. 1970-களின் நடுவில் முழுநேர நிலையங்களின் எண்ணிக்கை 1000-ஐக் கடந்தது. பின்னர் 2000-க்கு மேலும் உயர்ந்தது.

இவ்வளர்ச்சி முழுவதையும் கழகத்தின் செயலாகக் கொள்ளலாமா? கொள்ளலாகாது. போருக்குப் பிந்திய 15 ஆண்டுகளில் அமெரிக்க வானொலி நிலையங்களின் தொகை மும்மடங்குக்கு மேலாயிற்று. ஒரே ஊரில் பல நிலையங்கள் ஒரே 'டாப் 40' பாடல்களை ஒலிபரப்பிப் பிழைத்தல் இயலாது. ஆதலின் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இசையையும் ஒரு கூட்டத்தையும் தேடவேண்டியதாயிற்று. கழகம் இல்லாதிருப்பினும் சில நிலையங்கள் கண்ட்ரி இசையை நாடியே இருக்கும்.

கணக்கெடுப்பு முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. முன்னர் எண்ணற்ற நிலையங்கள் நாளொன்றுக்குச் சில மணி நேரம் கண்ட்ரி இசையை ஒலிபரப்பின. 'முழுநேர நிலையம்' என்னும் அளவுகோலைக் கழகம் கையாண்டபோது, அச்சில மணி நேர நிகழ்ச்சிகளின் தேய்வு கணக்கினுள் வரவில்லை; முழுநேர நிலையங்களின் வளர்ச்சி மட்டும் வந்தது. எனவே 81 என்னும் எண்ணை, 1961-இல் கண்ட்ரி இசை பெற்றிருந்த முழு இடத்தின் அளவாகக் கொள்ளுதல் தவறாகும். எனினும், நிலையங்கள் மாற எண்ணிய வேளையில் அவற்றிற்குக் காட்டத்தக்க கணக்கும் விளம்பரதாரரின் நம்பிக்கையும் ஆயத்தமாக இருந்தன. அவற்றை ஆயத்தம் செய்தது கழகமே. விதை விதைத்தது பிறிதாயினும் வரப்பு உயர்த்தியது அதுவே எனலாம்.

7. கொடுத்த விலை

கேட்போரை விளம்பரதாரர்க்கு ஏற்புடையவராகக் காட்டிய முயற்சி, இசையையும் அவ்வாறே காட்டத் தூண்டியது. செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி முதலியோர் பிடிலையும் எஃகுக் கிதாரையும் அடக்கி, வயலின் குழுவையும் பின்பாட்டுக் குழுவையும் சேர்த்து அமைத்த 'நாஷ்வில் ஒலி' இக்காலத்தில் ஓங்கியது. அதனைக் கழகம் படைக்கவில்லை. ஆனால் கழகம் விற்க விரும்பிய நகர்ப்புறத் தோற்றத்திற்கு அது பொருந்தியது. வானொலியிலும் 'டாப் 40' முறையைப் பின்பற்றிச் சுருங்கிய பாடற்பட்டியலே ஆட்சி பெற்றது. அறிவிப்பாளர் தம் விருப்பப்படி தேரும் உரிமை குறைந்தது. அறிவிப்பாளர் சங்கத்திலிருந்து தோன்றிய இயக்கம் அறிவிப்பாளரின் உரிமையையே சுருக்கிய முரண் ஈண்டு எண்ணத்தக்கது.

இம்மாற்றத்திற்கு எதிர்ப்பும் எழுந்தது. 1974-இல் கழகம் சிறந்த பாடகிக்குரிய பரிசை, ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு வழங்கியது. பழைய மரபினர் பலர் ஜார்ஜ் ஜோன்ஸ், டேமி வைனெட் ஆகியோரின் இல்லத்தில் கூடிக் கண்ட்ரிக் கலைஞர்க்கென வேறொரு சங்கம் கண்டனர். மறு ஆண்டு விழாவில், ஜான் டென்வரின் பெயர் இருந்த உறையை அறிவிக்க வந்த சார்லி ரிச், அத்தாளை மேடையிலேயே தீயிட்டுக் கொளுத்தினார். அவர் செயலின் கருத்துப் பற்றிப் பலவாறு கூறுவர். பூசல் இருந்தமை மட்டும் ஐயமற்றது.

இதனினும் ஆழ்ந்தது, யார் இசைஞர், யார் கேட்போர் என்னும் வினா. 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்னும் பெயர் பிறந்த இரவில் வாசித்தவர் டிஃபோர்ட் பெய்லி என்னும் கறுப்பின வாயிசைக் கருவிக் கலைஞர். 1941-இல் அந்நிகழ்ச்சியினின்று நீக்கப்பெற்ற அவர், புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது 2005-இல்; அவர் மறைந்து 23 ஆண்டுகளுக்குப் பின். 1971-இல் சார்லி பிரைடு என்னும் கறுப்பினப் பாடகர் கழகத்தின் தலைமைப் பரிசைப் பெற்றார் என்பதும் உண்மையே. ஆயினும் அவ்வழியில் அவர்க்குப் பின் வந்தோர் மிகச் சிலரே. கேட்போர் இன்னார் என விளம்பரதாரர்க்கு வரைந்து காட்டிய படம், நாளடைவில் பாடுவோர் இன்னாராதல் வேண்டும் என்னும் விதியாயிற்று. 2015-இல் வானொலி ஆலோசகர் ஒருவர், காய்க்கலவையில் கீரை ஆடவர் பாடல், தக்காளி மகளிர் பாடல் எனவும், தக்காளியைக் குறைத்தே இடல் வேண்டும் எனவும் தொழில் இதழில் கூறியதும், அதனைப் பாடகியர் பலர் கண்டித்ததும் இவ்விதியின் தொடர்ச்சியே.

8. பிற்காலத் துணைகள்

கழகத்தோடு வேறு அமைப்புகளும் தோன்றின. 1964-இல் கலிபோர்னியாவில் மேற்குக் கரைக் கலைஞர்க்கென ஒரு கல்விக்கழகம் எழுந்தது. 1970-ஐ ஒட்டி நாஷ்விலில் தொடங்கிய கண்ட்ரி வானொலிக் கருத்தரங்கு, வானொலியாளர்க்கே உரியது. கண்ட்ரி வானொலி ஒலிபரப்பாளர் அமைப்பு ஆண்டுதோறும் அதனை நடத்துகிறது. கேட்போர் ஆய்வுகள் அங்கே படிக்கப்பெறுகின்றன. புதிய பாடகர் நிலையத்தார் முன் அறிமுகம் செய்யப்பெறுகின்றனர்.

1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் வைத்திருக்கத்தக்க வானொலி நிலையங்களின் எண்ணிக்கை வரம்பை நீக்கியது. ஒரே நிறுவனத்தின் கீழ் நூற்றுக்கணக்கான நிலையங்கள் வந்தன. ஊர்தோறும் இருந்த உரிமையாளர் அருகினர். சிறு உரிமையாளர்க்குத் துணையாக எழுந்த கழகத்தின் பணியும் இதனால் தன்மை மாறியது.

கழகத்தினுள்ளேயே தீராத முரண் ஒன்றும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, தரைவழி வானொலி பாடலாசிரியர்க்கும் பதிப்பாளர்க்கும் உரிமைத்தொகை தரும். பாடியவர்க்கும் இசைத்தட்டு நிறுவனத்தார்க்கும் தருவதில்லை. இணையவழி ஒலிபரப்பில் இவ்விலக்கு இல்லை. இம்முறையை மாற்றக் கோருவோரும் எதிர்ப்போரும் ஆகிய இரு திறத்தாரின் தொழில்களும் ஒரே கழகத்தில் உறுப்பு வகைகளாக உள்ளன. எல்லாப் பிரிவினரையும் ஒருங்கு சேர்த்தமை கழகத்தின் வலிமை. அதுவே அதன் எல்லையும் ஆகும்.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கண்ட்ரி இசைக் கழகம் வானொலிக்குச் செய்த துணை, பாடலை மக்களிடம் கொண்டு சென்றதன்று என்பது போதரும். மக்கள் அப்பாடலை முன்னரே அறிந்திருந்தனர். அம்மக்களை, அவர்கள் இருப்பையே மதியாத வணிக உலகிற்கு எண்ணாலும் சொல்லாலும் புலப்படுத்தியதே அதன் துணை. அத்துணையால் ஓர் இசை அழிவினின்று காக்கப்பெற்றது. அதனை நம்பிய பல்லாயிரவர்க்கு வாழ்வு கிடைத்தது. அதே வேளையில், புலப்படுத்தப்பெற்ற மக்களின் படத்தில் சிலர் இடம்பெற்றனர், சிலர் விடுபட்டனர். விடுபட்டோரின் பாடலை வானொலி மறந்தது.

வாய்மொழி மரபினின்று எழும் கலைகளை ஆராய்வோர் பாடலின் பொருளையும் யாப்பையும் நோக்குதலோடு அமைதல் கூடாது. அப்பாடல் எவர் பொருளால், எவர் கணக்கால், எவ்வமைப்பின் துணையால் நம் செவிக்கு வந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். தொகுத்தவர் வைத்த அளவுகோலும் வரலாற்றின் ஒரு பகுதியே. அதனை ஆராயாது விடின், எஞ்சியதையே முழுமை என மயங்க நேரும்.